பன்றி இறைச்சி: கொரியாவில் 30 கிலோ, இலங்கையில் அரைக் கிலோ. இந்தக் கணக்கு எப்படி வருகிறது?

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பகுதியான தலவாக்கலைப் பக்கத்துத் தம்பி ஒருவர் தென் கொரியாவில் வேலை செய்கிறார். அவர் கேட்டது இதுதான்: “அண்ணே, இங்கே கன்டீனில் கிழமைக்கு நாலு நாள் பன்றிதான். ஒரு கொரியர் வருசத்துக்கு 30 கிலோ சாப்பிடுகிறாராம். இலங்கைக்குத் தேடிப் பார்த்தால் அரைக் கிலோ என்று வருகிறது. எங்கள் தோட்டத்தில் ஞாயிறு தவறாமல் பன்றி வெட்டினார்களே, அரைக் கிலோவை நான் ஒரே நாளில் சாப்பிட்டிருப்பேனே. இந்தக் கணக்கு பொய்யா? நாட்டுக்கு நாடு ஏன் இவ்வளவு வித்தியாசம்?”

கணக்கு பொய்யில்லை தம்பி. ஆனால் அது உங்களைப் பற்றிய கணக்கும் இல்லை. கால்நடைப் பக்கம் முப்பது வருடம் வேலை செய்துவிட்டு வீட்டில் இருப்பவன் நான். கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலிருந்தே தொடங்குவோம். வெட்டிய பன்றியைப் பங்கு பிரித்துக் கூறு போடுவது உங்களுக்கு நினைவிருக்கும். சனிக்கிழமை பின்னேரம் ஒருவர் கொப்பியோடு லயம் லயமாக வருவார். யாருக்கு எத்தனை கூறு என்று எழுதிக்கொள்வார். ஞாயிறு வெளிச்சம் வருவதற்குள் ஆற்றோரத்தில் பாதி வேலை முடிந்திருக்கும். காய்ந்த மானாப்புல்லைப் போட்டு மயிரைப் பொசுக்கி, வெந்நீர் ஊற்றிச் சுரண்டி, வாழை இலையைப் பரப்பி அதன்மேல் வெட்டுவார்கள். கொழுந்து நிறுக்கிற மாதிரி ஒரு தொங்கு தராசு கிளையில் ஆடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கூறிலும் சதை கொஞ்சம், கொழுப்பு கொஞ்சம், எலும்பு, ஈரலில் ஒரு துண்டு, காதில் ஒரு விரல் அகலம். எந்தக் கூறை யார் எடுத்தாலும் சண்டை வரக்கூடாது. கூறு போடுகிறவரின் கைத்திறன் அதில்தான் இருக்கிறது. காசு சம்பளத்தன்று.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தோட்டப் பிரிவில், டிவிஷன் என்பார்கள், அப்படியொரு கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். அந்த டிவிஷனில் ஏறக்குறைய அறுபது குடும்பம். அன்றைய பன்றி, குடல் நீக்கிய பிறகு அறுபது கிலோ. கொப்பியில் இருந்தது இருபத்திரண்டு பெயர். கொழும்பில் இருந்துகொண்டு கணக்குப் போட்டால் குடும்பத்துக்கு ஒரு கிலோ. தோட்டத்தில் நின்று பார்த்தால் இருபத்திரண்டு வீட்டில் கிட்டத்தட்ட மூன்று கிலோ வீதம் அடுப்பில் இருக்கிறது, மிச்ச வீடுகளில் ஒன்றும் இல்லை. அந்த மிச்ச வீடுகளிலும் காரணம் ஒன்றல்ல. ஒரு வீட்டில் விரதம். ஒரு வீட்டில் “நாங்க அதத் தொடுறதில்ல”. கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துக்கு அது ஹராம். இன்னும் சிலருக்கு ஆசை இருந்தது, போன மாதக் கடன் தீரவில்லை.

சராசரியும் ஒரு கூறுதான். ஒரே வித்தியாசம், கொப்பியில் பெயர் கொடுக்காதவன் வாசலிலும் ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டுப் போகும்.

இலங்கைக் கணக்கை இதே கண்ணால் பாருங்கள். சனத்தொகை 2 கோடி 20 இலட்சம் அளவு. தலைக்கு அரைக் கிலோ என்றால் நாடு முழுதும் சேர்த்து 11,000 தொன். இந்த நாட்டில் பத்தில் ஒருவர்தான் பன்றி சாப்பிடுகிறார் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அந்த ஒருவருக்கு ஆண்டுக்கு ஐந்து கிலோ. மற்ற ஒன்பது பேருக்கும் பூச்சியம். அரைக் கிலோ சாப்பிடுகிற இலங்கையரை வலைபோட்டுத் தேடினாலும் பிடிக்க முடியாது. கைக்குழந்தையையும் பிக்குவையும் மௌலவியையும் உங்களையும் ஒரே வரிசையில் நிற்கவைத்து வகுத்ததில் வந்த எண் அது.

அடுத்தது, வகுக்கப்படுகிற அந்த இறைச்சி எங்கிருந்து வருகிறது என்பது. யாரும் உங்கள் தட்டை நிறுத்துப் பார்ப்பதில்லை. நாட்டில் வெட்டப்பட்டது எவ்வளவு, அதோடு இறக்குமதியைக் கூட்டு, ஏற்றுமதியைக் கழி, சனத்தொகையால் வகு. உலக உணவு விவசாய அமைப்பு தரும் தலைக்கணக்கு இந்த வழியில் வருவதுதான். அது உண்ட அளவு இல்லை, சந்தைக்கு வந்து சேர்ந்த அளவு. அதுவும் எலும்போடு சேர்ந்த உடல் எடை. உயிரோடு 100 கிலோ நின்ற பன்றி, இரத்தமும் குடலும் போக 75 கிலோ அளவில் கொக்கியில் தொங்கும். கடையில் விற்கும் எடைக்கு மாற்ற வேண்டுமென்றால் ஓஈசிடி என்ற பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பு அந்தத் தொங்கும் எடையை 0.78ஆல் பெருக்குகிறது. ஆகவே ஒரே நாட்டுக்கு ஓரிடத்தில் 38 என்றும் இன்னோரிடத்தில் 30 என்றும் பார்த்தால் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். எலும்பை வைத்துப் பார்ப்பதும் எடுத்துவிட்டுப் பார்ப்பதுமாக இருக்கும். இரண்டு நாட்டை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே வகை எடையா என்று முதலில் பாருங்கள். இணையத்தில் சுற்றும் பட்டியல்களில் பாதி இதைக் கலந்துகட்டித்தான் போடுகின்றன.

நம் ஆற்றோரப் பன்றி எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அனுமதி பெற்ற கொல்களத்தில் வெட்டினால்தான் பதிவு. காட்டுப்பன்றி அறவே கணக்கில் வராது. மலையகத்தில் அது சின்ன விசயம் இல்லை. தோட்டக் காய்கறிப் பாத்தியை ஒரே இரவில் உழுதுவிட்டுப் போகும் பிராணி அது, அதனால் சுருக்குக் கம்பி வைக்கிறார்கள். கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் அப்படியொரு சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தை சில நாளில் செத்துப்போனது, நாடே பேசியது. கறி விலைக்காகவோ பயிருக்காகவோ வைத்த கம்பி, விலையே சொல்ல முடியாத ஒன்றைக் கொண்டுபோய்விட்டது.

சரி, உலகத்துக்கு வருவோம். உலகில் ஆண்டுக்கு 12 கோடி தொன் அளவில் பன்றி இறைச்சி உற்பத்தியாகிறது. 800 கோடிப் பேருக்கு வகுத்தால் தலைக்கு 15 கிலோ. இதில் ஏறக்குறையப் பாதி சீனாவுடையது. 2023இல் அங்கே 5 கோடி 79 இலட்சம் தொன். 141 கோடிப் பேருக்கு வகுத்தால் 41 கிலோ. அதற்கும் மேலே, தலைக்கு 50 கிலோவை ஒட்டியும் தாண்டியும் ஸ்பெயின், போலந்து, ஹொங்கொங். கொரியாவும் வியட்நாமும் கடை எடைப்படி முப்பதைச் சுற்றி. ஜப்பான் இருபது அளவில். அமெரிக்காவில் கடை எடைப்படி ஐம்பது இறாத்தல், அதாவது 22, 23 கிலோ. பல பத்தாண்டுகளாக அந்த ஐம்பது இறாத்தல் பெரிதாக அசையவே இல்லை. மலேசியா ஆறேழு கிலோ. இந்தோனேசியா ஒரு கிலோவை ஒட்டி. இந்தியா கால் கிலோ சொச்சம். நம் பெண்கள் வீட்டுவேலைக்குப் போகும் வளைகுடா நாடுகளில் அநேகமாகப் பூச்சியம்.

இதிலும் கூறுக்கொப்பி வேலை செய்கிறது. மலேசியாவில் பன்றி வாங்குகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனர். அவர்கள் நாட்டின் சனத்தொகையில் கால்வாசியும் இல்லை. எல்லாருக்கும் ஆறேழு என்றால் அவர்களுக்கு இருபத்தைந்து கிலோவுக்குக் குறையாது. கொரியாவுக்குக் கிட்ட வந்துவிடுகிறார்கள். இந்தோனேசியாவிலும் அப்படித்தான். பாலித் தீவிலும் சுமாத்திராவின் பத்தாக் மக்களிடமும் பன்றி இல்லாமல் விசேசம் இல்லை. மிச்ச நாட்டில் பெரும்பகுதி தொடுவதில்லை. வகுத்தால் ஒரு கிலோ.

டென்மார்க் இதற்கு நேர்மாறான பாடம். மனிதர் 60 இலட்சம், பன்றி ஒரு கோடிக்கு மேல். ஆளுக்கு இரண்டு பன்றி என்றதும் அவர்கள் மூன்று வேளையும் பன்றி தின்பதாக எண்ணிவிடக் கூடாது. வெட்டுவதில் மிகப் பெரும்பகுதி கப்பலேறுகிறது. நாமும் தேயிலையை மலைமலையாகப் பறித்தோம், வீட்டில் குடித்தது தூள்தானே.

இனி, ஏன் என்ற கேள்வி. எல்லாரும் உடனே மதம் என்பார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. யூத மதம், இஸ்லாம், எத்தியோப்பியாவின் பழைய கிறிஸ்தவத் திருச்சபை மூன்றும் பன்றியை விலக்கியவை. அந்த இடங்களில் எண் பூச்சியத்துக்குப் போவதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஆனால் விலக்கே இல்லாத நாடுகளுக்கிடையே ஏன் ஒரு கிலோவுக்கும் ஐம்பது கிலோவுக்கும் இடையே ஏறி இறங்குகிறது? அதற்கு மதம் பதில் சொல்லாது. பன்றியின் வயிறு சொல்லும்.

மாடும் ஆடும் புல் தின்று நமக்குத் தேவையில்லாததை இறைச்சியாக்குகின்றன. பன்றிக்கு அசைபோடும் இரைப்பை இல்லை. வெறும் புல்லில் அது வளராது. நாம் தின்பதைத்தான் அதுவும் தின்னும்: தானியம், கிழங்கு, மிச்சச் சோறு. பால் தராது, ஏர் இழுக்காது, கம்பளி தராது. வியர்வையும் சரியாகச் சுரக்காது, ஆகவே நிழலும் சேறும் வேண்டும். வறண்ட மேய்ச்சல் நாட்டில் இப்படியொரு பிராணியை வைத்துக் கட்டுப்படியாகாது. மதம் விலக்குவதற்கு முன்பே அந்த மண் பாதி விலக்கிவிட்டது என்பது என் எண்ணம். அதற்குப் பதிலாகப் பன்றி கொடுப்பது வேகம். மூன்று மாதம், மூன்று கிழமை, மூன்று நாள் சினை. ஒரே ஈற்றில் பத்துக் குட்டி. ஆறு மாதத்தில் நூறு கிலோ. மிச்சம் மீதியோ தானியமோ கொட்டிக்கிடக்கிற இடத்தில் அதை மிஞ்ச ஒரு பிராணியும் இல்லை.

அதனால்தான் சீனா. நெல் விளையும் நாட்டில் மேய்ச்சலுக்கு நிலம் இல்லை, ஆனால் வீட்டுக்கு வீடு தவிடும் கழனித்தண்ணியும் கிழங்குக்கொடியும் இருந்தன. ஒரு பன்றி அதையெல்லாம் தின்று எருவும் கொடுத்தது. சீன எழுத்தில் ‘வீடு’ என்பது ஒரு கூரை, அதன்கீழ் ஒரு பன்றி. ‘இறைச்சி’ என்று மட்டும் சொன்னால் அது பன்றி இறைச்சிதான். மாடு, ஆடு என்றால்தான் பெயரைச் சேர்ப்பார்கள். ஆனால் இதைக் கேட்டுவிட்டுச் சீனர் எக்காலமும் 41 கிலோ தின்றவர்கள் என்று முடிவு கட்டக் கூடாது. 1980இல் அந்த நாட்டின் மொத்த உற்பத்தி 1 கோடி 13 இலட்சம் தொன். தலைக்கு 11, 12 கிலோதான். புத்தாண்டுக்குத்தான் வீட்டுப் பன்றி விழும். மிச்ச நாளில் காய்கறிக்கு வாசத்துக்கு ஒரு துண்டு. நாற்பது வருடத்தில் நான்கு மடங்கானது ருசி மாறியதால் இல்லை, சட்டைப்பையில் காசு வந்ததால். அதோடு தீவனத்துக்கு பிரேசிலிலிருந்து கப்பல் கப்பலாகச் சோயா வந்தது.

கொரியாவும் அதே கதை, இன்னும் வேகமாக. 1970இல் அங்கே தலைக்கு மூன்று கிலோவுக்கும் குறைவு. உங்கள் கன்டீனில் பரிமாறுகிற அம்மாவின் தகப்பன், நம்முடைய தோட்டத்துக் கிழவரைவிடப் பெரிதாகப் பன்றி கண்டவர் இல்லை. இன்று 30 கிலோ. அதிலும் அவர்களுக்கு வயிற்றுப் பகுதிமேல்தான் உயிர். நீங்கள் மேசையில் சுட்டுத் தின்கிற ‘சம்கியொப்சல்’ என்ற பெயருக்கே மூன்றடுக்குச் சதை என்றுதான் பொருள். ஒரு பன்றிக்கு ஒரு வயிறுதானே. உள்நாட்டுப் பன்றியின் வயிறு போதாமல் ஸ்பெயினிலிருந்தும் சிலியிலிருந்தும் வயிற்றுத் துண்டுகளை மட்டும் வாங்குகிறார்கள். நம் கூறு முறை அங்கே எடுபடாது. ஈரலும் காதும் சேர்த்துக் கட்டினால் கொப்பியில் பெயர் கொடுக்க ஆள் இருக்காது.

ஸ்பெயினில் மதம் தலைகீழாக வேலை செய்தது. 1492இல் யூதரை வெளியேற்றினார்கள். அதன்பின் முஸ்லிம்களையும் மதம் மாறு அல்லது போ என்றார்கள். மாறியவர் உண்மையில் மாறினாரா என்ற சந்தேகம் ஓயவில்லை. பன்றி தின்பது ஒரு சாட்சியானது, தின்னாமல் ஒதுங்கியது விசாரணையில் குற்றச்சாட்டானது. மாறிய யூதரை இழிவாகச் சொன்ன ‘மரானோ’ என்ற சொல்லின் பொருளே பன்றி. பக்கத்தில் ஓக் காடுகள். இலையுதிர்காலத்தில் கொட்டும் ஓக் கொட்டைகளைத் தின்று கொழுக்கும் கறுப்புப் பன்றிகள். அவற்றின் தொடையை உப்பில் வைத்து இரண்டு, மூன்று வருடம் காற்றில் ஆறவிட்டு மெல்லிசாகச் சீவித் தின்பது. இன்று அந்த நாட்டில் ஆண்டுக்கு வெட்டப்படும் பன்றிகளின் எண்ணிக்கை மனிதத்தொகையைவிட அதிகம். தொழிற்சாலைப் பண்ணைதான் அதில் பெரும்பங்கு, ஓக் காட்டுப் பன்றி கொஞ்சம்தான். விளம்பரத்தில் வருவது மட்டும் எப்போதும் ஓக் காடு.

பன்றிக்குக் குப்பையே தீவனம் என்பதற்கு எகிப்தைப் பாருங்கள். கெய்ரோவில் குப்பை அள்ளிய கிறிஸ்தவக் குடும்பங்கள் அந்த நகரத்தின் மிச்சச் சாப்பாட்டில் பன்றி வளர்த்தன. 2009இல் மனிதருக்கு வந்த பன்றிக்காய்ச்சல் பயத்தில் அரசு நாட்டிலிருந்த 3 இலட்சம் அளவு பன்றிகளையும் கொன்றது. நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான் பரவிக்கொண்டிருந்தது. நடந்தது என்னவென்றால் தெருவெல்லாம் குப்பை நாறியது, தின்ன ஆளில்லாமல்.

இப்போது நம் ஆட்கள். இந்து மதத்தில் பன்றிக்குப் பொதுவான தடை கிடையாது. பெருமாளே வராகமாக வந்தவர். சங்கப் பாட்டில், கள் காய்ச்சும் பெண்கள் ஆண் பன்றியைக் குழியில் நிறுத்தி, நெல்மா ஊட்டிப் பல நாள் கொழுக்கவைத்து விருந்தினருக்குக் கொடுத்த செய்தி வருகிறது. குழியில் நிறுத்துவது எதற்கு? பெண் பன்றியோடு திரியாமல் இருந்தால் கொழுப்பு சேரும். இன்றைய பண்ணைக்காரரும் அதைத்தான் செய்கிறார், குழிக்குப் பதில் சீமெந்துக் கூடு. அந்தத் தமிழர் எப்போது ஒதுக்கினார்? ஒரே நாளில் இல்லை. சாதி ஏணியில் ஒரு படி ஏற நினைத்தவர் முதலில் மாட்டை விட்டார், அப்புறம் பன்றியை விட்டார். விட்டவர் விடாதவரைக் கீழே பார்த்தார். கக்கூஸ் இல்லாத காலத்தில் பன்றி எங்கே மேய்ந்தது என்பது எல்லாரும் பார்த்தது; அந்த அருவருப்பும் சேர்ந்துகொண்டது. வேதத்தைவிட இந்த இரண்டும்தான் நம் பக்கத்தில் பலமான காரணம். கொரியாவின் ஜெஜு தீவிலும் கறுப்புப் பன்றியை முன்பு கக்கூசுக்குக் கீழேதான் வளர்த்தார்கள். இன்று அந்தப் பன்றிக்குத்தான் அங்கே கூடுதல் விலை. அருவருப்பு ஓரிடத்தில் விலக்காக முடிகிறது, இன்னோரிடத்தில் பெருமையாக முடிகிறது. ஏனென்று என்னிடம் கேட்காதீர்கள்.

இந்தியக் கணக்கையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் பன்றி 90 இலட்சம். அதில் 21 இலட்சம் அஸ்ஸாமில் மட்டும். நாகாலாந்து, மிசோரம், மேகாலயா எல்லாம் அதைச் சுற்றித்தான். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் சோட்டா நாக்பூரிலிருந்து கொண்டுபோகப்பட்ட முண்டா, ஒராவோன் மக்களின் லயத்துக்குப் பின்னாலும் பன்றிக்கூடு உண்டு. தேயிலை, லயம், கூடு என்று அடுக்கிப் பார்த்தால் நம் படம்தான், மொழி மட்டும் வேறு. தெற்கே கோவா, கேரளக் கிறிஸ்தவர், குடகு. குடகின் பன்றிக்கறியைக் கறுப்பாக்கும் கச்சம்புளி எதிலிருந்து வடிக்கப்படுகிறதோ, அதே பழத்தின் காய்ந்த சுளைதான் நம் கறுப்புப் பன்றிக்கறிக்குப் போடும் கொறக்கா. இரண்டு மலைக்கும் நடுவில் கடல் இருக்கிறது, சட்டியில் புளி ஒன்று.

இலங்கையில் பன்றியின் ஊர் மலையகம் இல்லை. சிலாபம், வென்னப்புவ, நீர்கொழும்பு, ஜா-எல என்று புத்தளம், கம்பஹா மாவட்டங்களின் கரையோரம்தான். போர்த்துக்கேயர் காலத்திலிருந்து கத்தோலிக்கர் வாழும் பகுதி. பக்கத்திலேயே கொழும்பு ஹோட்டல்களின் மிச்சச் சாப்பாடு, தென்னந்தோப்பின் புண்ணாக்கு. மதமும் தீவனமும் சந்தையும் ஒரே இடத்தில் சேர்ந்த அபூர்வம். 2012 கணக்கெடுப்பில் கத்தோலிக்கர் நாட்டில் 6 வீதம் அளவு. அரைக் கிலோச் சராசரியைச் சுமப்பது பெரும்பாலும் அவர்கள் தோள். பௌத்தருக்கும் எழுதிய தடை இல்லை. புத்தர் கடைசியாக உண்ட ‘சூகரமத்தவம்’ பன்றி இறைச்சியா, பன்றி விரும்பும் காளானா என்று பண்டிதர்கள் இன்றும் அடிபடுகிறார்கள். நடைமுறையில் சிங்கள வீட்டில் மாட்டுக்கு உள்ள மறுப்பு பன்றிக்கு அவ்வளவு இல்லை, ஆனால் வீட்டுச் சமையலில் அது தினசரி இடமும் பிடிக்கவில்லை. சாராயப் போத்தலோடு வரும் விருந்தாளி அது.

மலையகத்தில் இன்னொரு பழக்கம் எண்ணைக் குறைத்துக் காட்டுகிறது. பல வீட்டில் பன்றியை உள்ளே சமைப்பதில்லை. காம்பரா என்கிற லயத்து அறையில் சாமிப்படம் இருக்கும். லயத்துக்குப் பின்னால் மூன்று கல், தனிச் சட்டி, தனி அகப்பை. ஆண்கள்தான் சமையல், மிளகு தூக்கலாக. குழந்தை மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்கும். ஆச்சி வாயைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், ஆனால் மூலத்துக்கு நல்லது என்று யாராவது சொன்னால் ஒரு துண்டு மருந்தாக உள்ளே போகும். மருத்துவம் அப்படியொன்றும் சொல்லவில்லை. அது ஆச்சிக்கும் தெரியும். நாளைக்கு ஒரு கணக்கெடுப்பு உத்தியோகத்தர் பேனாவோடு வந்து “பன்றி சாப்பிடுவீர்களா?” என்று கேட்டால் அந்த வீட்டில் என்ன பதில் வரும்? “சேச்சே, எங்க வீட்டுல இல்ல.” நானே பத்து வீட்டில் எழுதியிருக்கிறேன், பின்னால் சட்டி கொதிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே.

அப்படியென்றால் வருங்காலத்தில் அரைக் கிலோ ஏறுமா? எனக்கு நம்பிக்கை இல்லை. வருமானம் ஏறினால் இறைச்சி ஏறும் என்பது சரி, ஆனால் இங்கே அந்த இடத்தைக் கோழி பிடித்துவிட்டது. தலைக்குப் பத்துக் கிலோ அளவில் நிற்கிறது. கோழிக்கு எந்தச் சாமியும் கோபிப்பதில்லை. ஐயரைத் தவிர எல்லாரும் ஒரே மேசையில் உட்காரலாம். தோட்டத்துக் கடையிலேயே இப்போது குளிர்பெட்டி வந்துவிட்டது, அரைக் கோழி வாங்கலாம், ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். பணக்கார நாடுகள் சிலவற்றிலும் பன்றி இறங்குமுகம்தான். சொசேஜுக்குப் பேர்போன ஜெர்மனியில் உண்ணும் எடைப்படி 2010ஐ ஒட்டித் தலைக்கு 40 கிலோ அளவில் இருந்தது, 2023இல் 27.5. ஆர்ஜென்டீனாவிலோ மாட்டிறைச்சி விலை ஏற ஏற பன்றி ஏறியிருக்கிறது.

ருசி, காசு, மதம் எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் தூக்கி எறியக்கூடியது நோய். ஆபிரிக்கப் பன்றிக்காய்ச்சல் 1921இல் கென்யாவிலிருந்து முதலில் பதிவானது. எகிப்தில் சொன்ன காய்ச்சல் வேறு, இது வேறு; இது மனிதருக்கு ஒன்றும் செய்யாது, பன்றி பிழைப்பது அரிது. 2007இல் ஜோர்ஜியாவுக்குள் நுழைந்தது, 2018 ஓகஸ்டில் சீனாவுக்கு வந்தது. 2018இல் 5 கோடி 40 இலட்சம் தொன்னாக இருந்த சீன உற்பத்தி 2020இல் 4 கோடி 11 இலட்சமாக விழுந்தது. விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறி, அரசு குளிர்களஞ்சியத்தில் சேர்த்து வைத்திருந்த இறைச்சியைச் சந்தைக்கு விட்டது. அரிசிக்குக் களஞ்சியம் வைப்பது நமக்குப் பழக்கம். பன்றிக்குக் களஞ்சியம் வைக்கும் நாடு அது. 2020 செப்டெம்பரில் ஜெர்மனியில் ஒரு காட்டுப்பன்றியின் சடலத்தில் அதே கிருமி தென்பட்டதும் சீனாவும் ஜப்பானும் கொரியாவும் ஜெர்மன் பன்றியை வாங்குவதை நிறுத்தின.

2024 கடைசியில் அது இலங்கைக்கும் வந்துவிட்டது. கரையோரக் கூடுகள் காலியானதைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். நம் பக்கத்தில் என்ன நடந்தது என்று கேட்டால், உங்களுக்குக் கூறு கொடுத்த மாதிரி ஒருவர் எங்கள் கீழ்லயத்தில் இருந்தார். நாலு தாய்ப்பன்றி. ஹோட்டல் மிச்சத்தை வாளியில் கொண்டுவந்துதான் வளர்த்தார். வேகவைத்துப் போடு என்று நான் சொல்லாத நாள் இல்லை, விறகுக்கு எங்கே போவது என்பார். ஒரு கிழமைக்குள் நாலும் போய்விட்டன. இப்போது அந்தக் கூட்டில் லீக்ஸ் நாற்று போட்டிருக்கிறார். கொப்பி இன்னும் கூரை இறப்பில் செருகிக் கிடக்கிறது, வரவேண்டிய கடனுக்காக.

ஆகவே தம்பி, ஒரு வேண்டுகோள். கொரியாவிலும் 2019 செப்டெம்பரிலிருந்து இந்த நோய் இருக்கிறது. உப்புப் போட்ட, புகைபோட்ட இறைச்சியிலும் அந்தக் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். லீவில் வரும்போது அம்மாவுக்குக் காட்டலாமென்று பெட்டிக்குள் சொசேஜோ காய்ந்த இறைச்சியோ வைத்துக்கொண்டு வராதீர்கள். மிச்சம் வாளிக்குத்தான் போகும், வாளி கூட்டுக்குப் போகும். இரண்டு பெட்டி ஜின்செங் தேத்தண்ணி வாங்கி வாருங்கள், போதும்.